செய்திக்கு நாளிதழா, போனா?

"எல்லாம் போன்லயே வந்துடுதே, பேப்பர் எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே சந்தாவை நிறுத்த மனசு வராதவர்களுக்காக.

செலவு: பேப்பருக்கு மாதச் சந்தா. போனில் இலவசம் போலத் தெரியும். டேட்டாவும், வரிக்கு வரி குறுக்கே வரும் விளம்பரமும்தான் விலை.

வேகம்: போன்தான், பேச்சே இல்லை.

நம்பகம்: விஷயமே இங்கேதான். பேப்பரில் ஆசிரியர், வெளியீட்டாளர் பெயர் அச்சில் இருக்கும். தப்பு வந்தால் மறுநாள் ஒரு மூலையிலாவது திருத்தம் போட இடமுண்டு. வாட்ஸ்அப்பில் வருவதற்கு ஊரும் கிடையாது, பேரும் கிடையாது. பல கை மாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி தெரியும். 2020 முதல் அதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அந்த அம்பைப் பார்த்த பிறகும் சளைக்காமல் ஒவ்வொருவருக்காக அனுப்புகிறவர்களை என்ன சொல்ல!

நேரம்: பேப்பர் கடைசிப் பக்கத்தோடு முடியும். போனில் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்.

தேர்தல் முடிவு, புயல் எச்சரிக்கை என்றால் போன். பட்ஜெட், புதுச் சட்டம் என்று நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டியதற்குப் பேப்பர். செலவு கையைக் கடித்தால் ஞாயிறு மட்டும் வாங்குங்கள், போதும்.