மருதனார்மடப் பக்கம் ஒரு குஞ்சுக்கடை: புறொயிலர் வாங்கப்போறவைக்கு

யாழ்ப்பாணத்தில மருதனார்மடம் சந்தைக்குக் கிட்ட குஞ்சும் தீனும் விக்கிற கடை ஒண்டு, குறையும் சொல்லப்போறதால பேர் போடேல்லை. குஞ்சுக்கு மட்டும் அஞ்சுக்கு நாலு குடுப்பன். எல்லாம் ஒரே அளவு, தொப்புள் நல்லாக் காஞ்சிருக்கு, பெட்டியைத் தட்டினா அவ்வளவும் தலையைத் தூக்குது. விலை மற்ற இடங்களை விடக் கொஞ்சம் கூடத்தான், ஆனா குடுக்கலாம்.

கடையில நிக்கிற அண்ணை முதல் கேக்கிறதே "இறைச்சிக்கோ முட்டைக்கோ" எண்டுதான். முட்டைக்கெண்டா புறொயிலரைக் காட்டவே மாட்டார். "தங்கச்சி, இது தின்னுறதுக்கெண்டே உண்டாக்கினது, முற்றத்தில விட்டாலும் கிளறித் திரியாது, தீன் சட்டிக்குப் பக்கத்திலதான் கிடக்கும்" எண்டார். மனிசன் சொன்னது அப்பிடியே சரி.

புறொயிலரை ஊசி போட்டுத்தான் ஊதப்பண்ணுகினம் எண்டு இஞ்ச சனம் இன்னும் கதைக்குது. கனடாவில அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில 1957, 1978, 2005 ஆம் ஆண்டுகளின்ர இனங்களை ஒரே தீன் போட்டு வளர்த்துப் பாத்தவை, 56 நாளில 1957 இனம் 905 கிராம், 2005 இனம் 4202 கிராம்! ஊசி இல்லை, பெரிசாப் பாத்துப் பாத்துத் தலைமுறை தலைமுறையாச் சோடி சேர்த்ததுதான். அமெரிக்காவில வேர்ஜீனியாவிலயும் 1957 இல தொடங்கி ஒரே கூட்டத்தில இருந்து பாரம் கூடினதை ஒரு பக்கமும் குறைஞ்சதை மற்றப் பக்கமும் பிரிச்சுப் பெருக்கிக்கொண்டு வந்தவை, பேந்து பாத்தா ஒரு பக்கம் அளவு தெரியாமத் தின்னு கொழுக்குது, மற்றப் பக்கம் சிலது தீனைத் தொடாமலே சாகுது. தெரிஞ்செடுத்தது பாரத்தைப் பாத்து, மாறினது பசி. இந்தப் புறொயிலர்களின்ர தாய்க்கோழிகளுக்குத் தீனை அளந்துதான் போடுறவை, விட்டா அளவுக்கு மிஞ்சிக் கொழுத்து முட்டையும் ஒழுங்கா வராது.

இதெல்லாம் ஏன் இஞ்ச எழுதுறன் எண்டா எங்கட வெக்கைக்கு இது தெரியாம வளர்க்கேலாது. அவ்வளவு தின்னு அவ்வளவு கெதியா வளருற உடம்பு சூட்டையும் அதுக்கேத்த மாதிரிக் கக்கும், கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இளைச்சுத்தான் சூட்டை வெளியில விடவேணும். இறைச்சி போடுற வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் ஈடு குடுக்காட்டி வயித்தில தண்ணி கட்டும், சிலது நடக்கேலாமக் காலை மடக்கிப்போட்டு இருந்திடும். வெயில் ஏற முதலே தீன் சட்டியைத் தூக்கு, தண்ணி மட்டும் எந்த நேரமும் இருக்கட்டும், வெயில் தாழத் திருப்பி வை எண்டு அண்ணை சொன்னவர். சித்திரை வெயிலுக்கையும் அப்பிடித்தான் செய்தன், பக்கத்து வீட்டுக் கொட்டிலில சாகச் சாக எங்கட தப்பிட்டுது.

இனிக் குறை. அண்ணை இல்லாத நேரம் நிக்கிற பொடியன் கலர் இறகுப் புறொயிலர்க் குஞ்சை ஊர்க்கோழிக் குஞ்சு எண்டு எனக்குத் தந்திட்டான். வளர வளரத்தான் விளங்கிச்சு, மரத்தில ஏறிப் படுக்கிற எண்ணமே அதுகளுக்கு இல்லை, சட்டிக்குள்ளயே தலை. திருப்பிக் கேக்கப்போனா "கலப்பு" எண்டு சிரிக்கினம். மற்றது உடைச்ச சாக்கில இருந்து நிறுத்துத் தாற தீன், திகதியும் இல்லை, ஒருக்கா பூஞ்ச மணமும் அடிச்சுது, அதை வாங்காதேங்கோ, கட்டின சாக்காப் பாத்து எடுங்கோ.

குஞ்சு வாற நாளைப் போன் எடுத்துக் கேட்டுட்டு விடியவே போங்கோ. பெட்டியைக் கடையிலயே தருவினம், காசு இல்லை.