கேமரா தப்பித்தது, ரப்பர் மூடி கைவிட்டது

நேற்றுதான் கேமராவைச் சர்வீஸிலிருந்து எடுத்து வந்தேன். பில் 17,400 ரூபாய். இதே மாடலை செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று நண்பன் ஒரு மாதமாகக் கேட்கிறான். அவனுக்கான பதில்தான் இது.

பாடியின் உறுதியில் குறை சொல்ல மாட்டேன். வாங்கிய வருடமே வால்பாறையில், சிங்கவால் குரங்கைப் படமெடுக்கப் போன இடத்தில், இடுப்புயரத்திலிருந்து பாறையில் விழுந்தது. வெயில் படாமல் லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு, அதாவது லென்ஸ் ஹூட், இரண்டாகப் பிளந்தது. அடி முழுவதையும் அது வாங்கிக்கொண்டதால் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. அன்றிலிருந்து வெயில் இருக்கிறதோ இல்லையோ, ஹூட் மாட்டாமல் கிளம்புவதில்லை. அங்கேயே ஒரு மணி நேரம் தூறலிலும் நனைந்தது, ஒன்றும் ஆகவில்லை.

என் கோபமெல்லாம் யுஎஸ்பி துளையை மூடும் அந்த ரப்பர் மூடிமேல்தான். நாலாவது வருடமே ஓரம் நெளிந்துவிட்டது. அமுக்கினால் உட்காரும், விரலை எடுத்தால் மெல்ல வாய் திறக்கும். செல்லோடேப் ஒட்டிச் சமாளித்தேன். இந்த ஜனவரியில் பழவேற்காட்டில் பூநாரை பார்க்கப் படகில் போனபோது, காற்றில் ஒரு கை தண்ணீர் அந்தப் பக்கமாக அடித்தது. அவ்வளவுதான். "பேட்டரியக் கழட்டிடுங்க சார், எங்க போனெல்லாம் இப்படித்தான் போச்சு" என்றார் படகுக்காரர். நான் துடைத்துவிட்டு இன்னும் பத்துப் படம் எடுத்தேன். உப்புத் தண்ணீர் உள்ளே இருக்கும்போது மின்சாரம் ஓடினால் அரிப்பு வேகமாகப் பிடிக்கும். அப்புறம் வீட்டில் அரிசி டப்பாவில் வைத்து என்ன பயன்? ஈரம் போனாலும் உப்பு போகாதே. சர்வீஸில் போர்டைக் காட்டினார்கள். யுஎஸ்பி துளையின் கால்கள் எல்லாம் பச்சை பூத்திருந்தன.

தூசி, ஈரம் தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். எவ்வளவு தாங்கும் என்று போனுக்கு ஐபி எண் போடுவதுபோல் பெரும்பாலான கேமராக்களுக்குப் போடுவதில்லை. 2022-இல் வந்த ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1 என்ற கேமராவுக்கு ஐபி53 என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் தூசிக்கும் தெறிக்கும் நீருக்கும்தான், முக்கி எடுப்பதற்கு இல்லை.

பாறையில் விழுந்தும் பிழைத்த கேமராதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நண்பா, வாங்காதே. சர்வீஸில் மாட்டிக்கொடுத்த புது மூடியும் அதே ரப்பர். காலையில் அமுக்கிப் பார்த்தேன், இப்போதைக்கு இறுக்கமாக இருக்கிறது. செல்லோடேப்பைப் பையிலிருந்து நான் எடுக்கவில்லை.