தூளியா கட்டிலா, ஸ்டிக்கரா துணியா: 5,000 ரூபாய்க்குள் ஒரு பாப்பா மூலை

மூத்தவள் பிறந்தபோது "பாப்பா ரூம்" என்று ஒன்றை ஜோடிக்க 18,000 ரூபாய் போட்டோம். மூன்றாவது மாதம் பார்த்தால் அந்த ரூமில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பிள்ளை என் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னவனுக்கு அந்தக் கூத்தே வேண்டாம் என்று முடிவு செய்தோம். எங்கள் படுக்கையறையிலேயே ஒரு மூலை, ஆறடிக்கு நாலடி, 5,000 ரூபாய். இது வெறும் கஞ்சத்தனம் இல்லை. தனி பாப்பா ரூம் ஆசை நமக்கு வந்ததே அமெரிக்காவைப் பார்த்துத்தான். அந்த ஊர்க் குழந்தை மருத்துவர் சங்கமோ, முதல் ஆறு மாதமாவது பிள்ளை பெற்றவர்கள் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும் என்கிறது.

தூங்குமிடம்: தூளி, ஸ்டாண்டு தொட்டில், மரக்கட்டில்

தூளிக்குச் செலவே இல்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன சுங்குடிச் சேலை ஒன்று, கயிறு, விரித்துப் பிடிக்க ஒரு தொட்டில் கட்டை. கூரையில் கொக்கி மட்டும் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் இருக்கும்; எங்கள் வாடகை வீட்டில் ஃபேன் கொக்கிதான் இருந்தது. அதில் மட்டும் கட்டிவிடாதீர்கள். ஆட்டி ஆட்டி இழுக்கிற இழுப்புக்குப் போட்ட கொக்கி இல்லை அது.

ஸ்டாண்டு தொட்டில் என்பது மடக்குகிற இரும்புக் கம்பிச் சட்டத்தில் ஸ்பிரிங்கோடு தொங்கும் துணிப்பை. கொக்கிப் பிரச்சினை இல்லை, ஊருக்குப் போனால் மடக்கி எடுத்துப் போகலாம். ஆனால் இதுவும் தூளிதான், சட்டம் மாட்டிய தூளி. இரண்டிலும் ஒரே சங்கடம்: துணி பள்ளமாகும். மூத்தவள் ஒரு மாதப் பிள்ளையாக இருந்தபோது சேலையை விலக்கிப் பார்த்தால் தாடை நெஞ்சில் முட்டிக்கொண்டு வளைந்து கிடந்தாள். கழுத்து நிற்காத பிள்ளைக்கு அப்படி மடங்கினால் மூச்சுக்குழாய் நெருக்கப்படும். அதனால்தான் மல்லாக்க, சமமான, அழுத்தமான படுக்கை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் வெறும் தூளியில் ஏறி விளையாடி, துணி கழுத்தில் முறுக்கிக்கொண்ட சம்பவங்களும் நம் பக்கத்தில் உண்டு. ஆள் இல்லாத தூளியைச் சுருட்டி மேலே முடிந்து வைப்பதை எங்கள் வீட்டில் சட்டமாகவே ஆக்கிவிட்டோம்.

மரக்கட்டில் புதிதாக வாங்கினால் நம் பட்ஜெட் அங்கேயே காலி. பழையது வாங்கலாம். வாங்குகிறவர்கள் கையோடு ஸ்கேல் கொண்டு போங்கள். கம்பிக்குக் கம்பி இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் இறங்கி ஏறும் மாடலைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவில் 2011-இல் அதை விற்கவே தடை போட்டார்கள். நாங்கள் 2,200 ரூபாய்க்குப் பழைய கட்டில் ஒன்றைப் பிடித்தோம். அதோடு வந்த இலவம்பஞ்சு மெத்தையைக் கையால் அமுக்கினால் கை அப்படியே புதைந்தது. அதை நாங்கள் வைத்துக்கொண்டு, கட்டில் அளவுக்குக் கெட்டியான தென்னைநார் மெத்தை ஒன்றை 900 ரூபாய்க்கு வெட்டி வாங்கினோம்.

கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு படத்தில் கொள்ளை அழகு. மூச்சு முட்டும் ஆபத்துக்காக அதையும் அமெரிக்கா 2022-இல் தடை செய்தது. கடுகுத் தலையணை விஷயத்தில்தான் வீட்டில் பஞ்சாயத்து. "உம் புருஷன் தலையப் பாரு, எலுமிச்சம்பழமாட்டம் இருக்கு. கடுகுத் தலகாணிதான்" என்றார் அத்தை. "அவரு தலைக்கு உள்ளயும் கடுகுதான் இருக்குதோ என்னமோ, அத்த" என்றேன். சிரித்துவிட்டார். தலையணை பரணுக்குப் போனது.

என் முடிவு: இருக்கும் காசில் முக்கால்வாசியைப் படுக்கைக்கே போடுங்கள். அழுகிற பிள்ளையைத் தேற்றத் தூளி, நீங்கள் விழித்துப் பக்கத்தில் இருக்கும்போது. தூங்கினதும் கட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

சுவர்: பெயிண்ட், ஸ்டிக்கர், துணி

முதல் முறை ஸ்டிக்கர் ஒட்டினோம். ஆந்தை, மரக்கிளை, மேகம். ஐப்பசி மழையில் சுவர் ஓதமேற, ஆந்தையின் இறக்கை நுனி கிளம்பியது. எட்டு மாதத்தில் மகள் தவழ்ந்து போய் அந்த நுனியைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டாள். விரலை விட்டு எடுத்தேன். காலி செய்யும்போது மிச்சத்தை உரித்தால் கூடவே சுண்ணாம்பும் பெயர்ந்து வந்தது. ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் 3,000 பிடித்துக்கொண்டார். ஆக, 450 ரூபாய் ஸ்டிக்கரின் உண்மையான விலை 3,450.

பெயிண்ட் என்றால் ஒரே ஒரு சுவர் போதும். சொந்த வீட்டுக்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பிறக்கும் முன்னே எதுவும் வாங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மற்ற எல்லாவற்றிலும் கேட்கலாம், பெயிண்டில் மட்டும் முடியாது. வாடை அடங்க இரண்டு மூன்று வாரமாவது ஜன்னலைத் திறந்து போட வேண்டும், பிள்ளைத்தாச்சி அந்தப் பக்கமே போகக் கூடாது. இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய ஜன்னல் கதவுகளில் உரிந்து நிற்கும் எனாமல் அதற்கு முந்தியதாக இருக்கலாம். காய்ந்த உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், ஈரம் பண்ணிச் சுரண்டி, தரையையும் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டுக்கு என் ஓட்டு துணிக்குத்தான். சின்னவனுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் துண்டுத் துணிக் கடையில் மஞ்சளும் நீலமுமாக மூன்று மீட்டர், 240 ரூபாய். ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ மேல்வரை இழுத்துக் கட்டிய கயிற்றில் தொங்கவிட்டேன். ஆணி இல்லை, பசை இல்லை, அழுக்கானால் துவைக்கலாம். கட்டிலுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொசுவும் வெளிச்சமும்

கொசுவர்த்தி, லிக்விட் எதற்கும் குடைவலை ஈடு. டெங்குக் கொசு பகலில் கடிப்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும். எங்களுக்கு இது ஓசி. தங்கை அரசு மருத்துவமனையில் பெற்றபோது கொடுத்த பரிசுப் பெட்டகத்தில், 16 பொருளில் ஒன்றாக வந்த வலை. ராத்திரி விளக்குக்கு மஞ்சள் வெளிச்ச எல்இடி ஜீரோ வாட் பல்பு. (பழைய குண்டு ஜீரோ வாட் பல்பு பெயருக்குத்தான் ஜீரோ; பத்து வாட்டுக்கு மேல் இழுக்கும்.)

தலைக்கு மேலே தொங்குவது

மூத்தவளுக்குப் பாட்டுப் பாடிச் சுற்றும் பேட்டரிப் பொம்மை, 1,400 ரூபாய். வெளிர் ரோஸ், வெளிர் நீலம். பிறந்த பிள்ளைக்கு 20, 30 செ.மீ. தூரம்தான் தெளிவாகத் தெரியும், அதிலும் கறுப்பு வெள்ளைதான் பளிச்சென்று படும். வெளிர் ரோஸ் யானை யாருக்குத் தெரிந்தது? எனக்குத்தான்.

சின்னவனுக்கு வெள்ளை அட்டையில் கறுப்பு மார்க்கரால் கட்டம், வட்டம், ஒரு புள்ளிக்கோலம் போட்டேன், செலவு 60 ரூபாய். மடியில் வைத்து முகத்துக்கு நேரே பிடித்தால் கண் சிமிட்டாமல் பார்ப்பான். பெரியம்மா திருவிழாவில் வாங்கி வந்த பனையோலைக் கிளியைக் கை எட்டாத உயரத்தில் கட்டினோம். காற்றுக்குத் தானே சுற்றியது, பேட்டரி கேட்கவில்லை. பிள்ளை கையூன்றி எழும்ப ஆரம்பித்ததும் கழற்றிவிட்டோம்.

ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது மாதத்திலிருந்து அவன் மணிக்கணக்கில் பார்த்துச் சிரித்தது வெள்ளைக் கூரையில் சுற்றிக்கொண்டிருந்த அந்தப் பழுப்பு ஃபேனைத்தான். அவன் அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, இறக்கையில் இருந்த ஒட்டடையைத் துடைத்தார்.