பத்து மாலைகள், பத்துப் படங்கள்: வளர்ந்த அன்டியும் வளராத அக்னசும்

யாழ்ப்பாணம் கந்தர்மடத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியைச் சிறு மண்டபமாக மாற்றி, பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளுக்கு அனிமேசன் படங்களை, ஒவ்வொரு வரிசையும் வெளிவந்த ஒழுங்கிலேயே, மாலைக்கு ஒன்றாகக் காட்டுகிறார்கள். இம்முறை பத்து மாலைகளில் ‘ரோய் ஸ்ரோரி’ (Toy Story) வரிசையில் நான்கு, ‘டெஸ்பிக்கபிள் மீ’ வரிசையில் நான்கு, ‘இன்கிரெடிபிள்ஸ்’ இரண்டு என்று பத்துப் படங்கள். பிள்ளை ஒருவருக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து 2,000 ரூபாய். கூட வரும் பெரியவர் ஒருவருக்குக் கட்டணம் இல்லை. பதினொரு வயதுப் பேர்த்தியையும் ஆறு வயதுப் பேரனையும் கூட்டிக்கொண்டு பத்து நாளும் போய்வந்த அம்மப்பா என்ற தகுதியில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரை பெரியது, படம் தெளிவானது. கதிரைகள் பெரியவர்களுக்கானவை என்பதால் சிறுபிள்ளைகளின் கால்கள் இரண்டு மணி நேரமும் தொங்கிக்கொண்டே இருந்தன. மூன்றாம் நாள் மின்சாரம் நின்றபோது மின்பிறப்பாக்கியைப் போட்டார்கள். அதன் இரைச்சலில் அரைவாசி வசனம் கேட்கவில்லை. இடைவேளையில் கிடைத்த கடலை வடை நன்றாக இருந்தது. படங்கள் ஆங்கிலத்தில் ஓட, ஓர் இளைஞர் இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்கம் சொல்கிறார். முதல் நாள் அவர் ‘ரோய் ஸ்ரோரி’யில் வரும் சிறுவனின் பெயரை ‘ஆண்டி’ என்று நீட்டிச் சொல்ல, நல்லூர்ப் பிள்ளைகள் பழநியாண்டியை நினைத்துக் கொல்லென்று சிரித்தார்கள். அவர் மறுநாளே ‘அன்டி’ என்று குறுக்கிக்கொண்டார்.

இந்தச் சேவையின் பெறுமதி கதிரையிலோ வடையிலோ இல்லை. படங்களை அடுக்கிய ஒழுங்கில் இருக்கிறது. தொடர்ப்படங்களில் வரும் குழந்தைகள் படத்துக்குப் படம் வளர வேண்டுமா, அல்லது முதல் படத்தில் கண்ட வயதிலேயே நிற்க வேண்டுமா என்ற கேள்வியை, இப்படி அடுத்தடுத்த நாட்களில் பார்க்கும்போதுதான் ஒருவர் உண்மையாக எதிர்கொள்கிறார். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் சிறுவனின் மீசை இயக்குநரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு முளைப்பதில்லை. வரைந்த பிள்ளைக்கோ வயது ஏறுவது இயற்கை அல்ல, எவரோ ஒருவர் எடுக்கும் முடிவு. அதனாலேயே அந்த முடிவு சரியா பிழையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

‘ரோய் ஸ்ரோரி’ 1995இலும் அதன் இரண்டாம் படம் 1999இலும் வந்தன. அவற்றில் அன்டி பொம்மைகளோடு விளையாடும் சிறுவன். மூன்றாம் படம் பதினொரு ஆண்டுகள் கழித்து 2010இல் வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது, கல்லூரிக்குப் புறப்படுகிறான். சிறுவயதில் அவனுக்குக் குரல் கொடுத்த ஜோன் மொரிஸையே, அவர் வளர்ந்து ஆளான பிறகு, வளர்ந்த அன்டிக்கும் பேச வைத்தார்கள். கதையின் காலமும் குரலின் காலமும் பார்வையாளரின் காலமும் ஒன்றாக நடந்த படம் அது. அன்டி வளர்ந்தே ஆக வேண்டும் என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது, ஏனென்றால் அது பிள்ளையின் கதை அல்ல, பிள்ளை வளர்ந்தால் எல்லாவற்றையும் இழக்கப்போகிற பொம்மைகளின் கதை. இரண்டாம் படத்தில் எமிலி என்ற சிறுமி வளர்ந்து தன் பொம்மையான ஜெசியைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடும் இடத்திலேயே அன்டிக்கும் இந்த நாள் வரும் என்று சொல்லப்பட்டுவிட்டது. அவனை வளராமல் வைத்திருந்தால் அந்த அச்சமே பொய்யாகிப் போயிருக்கும்.

ஆனால் மூன்றாம் நாள் மாலை நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. திரையில் உயரமான அன்டி வந்து நின்றதும் பேரன் என் கையைப் பிடித்து, “அம்மப்பா, இது அன்டி இல்லை, அன்டியின்ர அண்ணா” என்றான். முதல் நாள் சிறுவனாகப் பார்த்தவன் மூன்றாம் நாள் இளைஞனாக நின்றால் ஆறு வயதுக்காரன் வேறெப்படி விளங்கிக்கொள்வான்? பதினொரு ஆண்டு இடைவெளி இந்த மண்டபத்தில் ஒரே இரவாகச் சுருங்கிவிட்டது. கடைசியில் பொம்மைகளைப் பொனி என்ற சிறுமியிடம் கொடுத்துவிட்டு அன்டி போகும் காட்சியில் பிள்ளைகள் எவரும் அழவில்லை. சுவரோரம் நின்ற தாய்மார்தான் கண்ணைத் துடைத்தார்கள்.

அவர்களில் என் மகளும் ஒருத்தி. முதற்படம் அமெரிக்காவில் திரைக்கு வந்த 1995 நவம்பரில் அவளுக்கு ஏழு வயது. போரினால் நேர்ந்த ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமம் வெறிச்சோடிப்போக, நாங்கள் தென்மராட்சியில் ஒரு கொட்டிலில் இருந்தோம். வீட்டில் விட்டுவந்த பாவைப்பிள்ளையை அவள் பெட்டியில் போட்டுக் கொடுக்கவும் இல்லை, வளர்ந்து மறக்கவும் இல்லை. அவள் எதற்காக அழுதாள் என்று நான் கேட்கவில்லை. இந்த வரிசையில் வயது ஏறியது கூடவே வயது ஏறிய பார்வையாளருக்காகத்தான் என்பது மட்டும் எனக்கு அப்போது விளங்கியது. எல்லாவற்றையும் ஒரே கிழமையில் பார்க்கும் இன்றைய பிள்ளைக்கு அது வளர்ச்சியாகத் தெரிவதில்லை, ஆள்மாறாட்டமாகத் தெரிகிறது.

‘டெஸ்பிக்கபிள் மீ’ இதற்கு நேர்மாறானது. 2010, 2013, 2017, 2024 ஆகிய ஆண்டுகளில் வந்த நான்கு படங்களிலும் மார்கோ, ஈடித், அக்னஸ் ஆகிய மூன்று சிறுமிகளும் ஏறக்குறைய அதே உயரத்தில் நிற்கிறார்கள். அவர்கள் நின்றாலும் குரல் கொடுத்த குழந்தை நிற்கவில்லை. கடைக்குட்டி அக்னசுக்கு முதல் இரண்டு படங்களில் எல்சி ஃபிஷரும், மூன்றாவதில் நெவ் ஷாரெலும், நான்காவதில் மடிசன் போலனும் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குழந்தையை நிறுத்திவைக்க மூன்று குழந்தைகள் தேவைப்பட்டிருக்கின்றனர்.

நின்றது மட்டும் குறையென்றால் நான் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டேன். டோரேமான் திரைப்படங்கள் 1980இல் தொடங்கியவை. நோபிதா இன்றும் ஆரம்பப் பாடசாலைப் பையன்தான், அதை எவரும் குற்றமாகச் சொல்வதில்லை. அங்கே அம்மாவுக்கு நரை விழுவதில்லை, நண்பர்களும் மாறுவதில்லை. எல்லோரும் சேர்ந்து நிற்கிறார்கள். குரலையும் பெரும்பாலும் வயது வந்த பெண்களே கொடுப்பதால் அது உடைவதும் இல்லை. ஷின்சானுக்கு 1996இல் ஒரு தங்கை பிறந்தாள். அவளும் அன்று முதல் கைக்குழந்தையாகவே இருக்கிறாள் என்றாலும், அந்தத் தொடரின் கூத்துக்குள் அது அடிபட்டுப் போய்விடுகிறது. (தமிழில் ஷின்சான் பார்த்துவிட்டு எங்கள் பேரன் இரண்டு நாளைக்குச் சென்னைத் தமிழ் பேசுவது வேறு விடயம்.)

அந்த மூன்று சிறுமிகளையும் தத்தெடுத்த க்ருவின் வீட்டில் நடப்பது அப்படியல்ல. கொடியவனாக வந்தவன் முதல் படத்தில் தகப்பனாகிறான், இரண்டாவதில் கலியாணம் செய்கிறான், மூன்றாவதில் இரட்டைச் சகோதரனைக் கண்டடைகிறான், நான்காவதில் அவனுக்கு ஓர் ஆண் குழந்தை இருக்கிறது. பெரியவர்களின் வாழ்க்கை முழுக்க முன்னே ஓட, அவர்கள் மாறுவதற்குக் காரணமாக இருந்த பிள்ளைகள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறார்கள். இரண்டாம் படம் அக்னசின் பிறந்தநாள் விருந்தை வேறு காட்டுகிறது. எட்டாம் நாள் வீடு திரும்பும் வழியில் பேர்த்தி, “பிறந்தநாள் கொண்டாடினவைதானே, பிறகேன் அவ வளரேல்லை?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, படத்திடமும் இல்லை. பஞ்சுபோன்ற ஒற்றைக்கொம்புக் குதிரையைக் கட்டிப்பிடித்த அந்தச் சிறு உருவம் பொம்மையாகவும் புத்தகப் பையாகவும் விற்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. காலத்தை நிறுத்துவதென்றால் வீட்டில் உள்ள எல்லோருக்கும் நிறுத்த வேண்டும். தகப்பனுக்கு மட்டும் ஓடவிட்டுப் பிள்ளைக்கு நிறுத்துவது ஓரவஞ்சனை.

‘இன்கிரெடிபிள்ஸ்’ இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது. 2004க்கும் 2018க்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள்; கதையிலோ அடுத்த கணம். முதற்படத்தின் முடிவில் நிலத்தைத் துளைத்துக்கொண்டு வெளிவரும் கள்வனோடு, அதீத ஆற்றல்கள் கொண்ட அந்தக் கதைக் குடும்பம் மோதுவதிலிருந்தே இரண்டாம் படம் தொடங்குகிறது. அந்தக் குடும்பத்தில் மகன் டாஷின் குரலுக்கு மட்டும் ஸ்பென்சர் ஃபொக்ஸுக்குப் பதிலாக ஹக் மில்னர் வந்தார். கைக்குழந்தை ஜாக்-ஜாக்கின் ஆற்றல்களை வீட்டார் கண்டுபிடிப்பது அந்தப் படத்தின் முக்கியமான பகுதி என்பதால், அவன் வளர்ந்திருந்தால் படமே இல்லை. அடுத்தடுத்த நாட்களில் பார்த்த எங்கள் பிள்ளைகள் இடையில் பதினான்கு ஆண்டுகள் இருந்ததை உணரவே இல்லை.

எனக்கு இந்தப் பத்து நாளும் பிள்ளைத்தமிழ் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது. தெய்வத்தையே குழந்தையாக்கிப் பாடும் புலவன்கூட அக்குழந்தையை ஒரே தொட்டிலில் கிடத்திவைப்பதில்லை. செங்கீரை ஆடவைத்து, சப்பாணி கொட்டவைத்து, அம்புலியை அழைத்து, ஆண்பிள்ளையானால் சிறுதேர் உருட்டுவது வரை பத்துப் பருவங்களாகக் கொண்டுபோகிறான். அதற்கப்பால் போவதும் இல்லை. பருவம் மாறுகிறது, பிள்ளைமை மாறுவதில்லை. தொடர்ப்படங்களில் இந்த அளவுக்கு அருகில் வருவது, இங்கு காட்டப்படாத ‘இன்சைட் அவுட்’ என்று நினைக்கிறேன். 2015இல் பதினொரு வயதாக இருந்த ரைலி என்ற சிறுமி ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த இரண்டாம் படத்தில் பதின்மூன்று வயதை அடைகிறாள். கதையில் இரண்டே ஆண்டுகள்தான், ஆனால் பதற்றமும் பொறாமையும் அவள் மனத்துக்குள் குடிவர அதுவே போதுமானதாக இருக்கிறது. அவளைப் பார்த்து என் பேரன் ‘இது அவளின்ர அக்கா’ என்று சொல்லியிருக்க மாட்டான்.

நடத்துபவர்களுக்குச் சொல்ல வேண்டியவை மூன்று. விளக்கம் சொல்லும் தம்பி கெட்டிக்காரர்தான். ஆனால் அன்டி பொம்மைகளைக் கையளிக்கும் காட்சிக்குச் சற்று முன் படத்தை நிறுத்தி, நடக்கப்போவதைச் சொல்லிவிட்டு மீண்டும் ஓடவிட்டதை மன்னிக்க முடியாது. அடுத்து, ‘ஹவ் ரு ட்ரெயின் யுவர் ட்ராகன்’ வரிசையின் மூன்று அனிமேசன் படங்களும் நிகழ்ச்சியில் இருந்திருக்க வேண்டும். முதற்படத்தில் பதினைந்து வயதாக இருக்கும் நாயகன் ஹிக்கப் இரண்டாவதில் இருபது வயதில் வருகிறான், முதற்படத்தில் இழந்த காலை இழந்தவனாகவே வருகிறான். வயதோடு சேர்த்துப் பட்ட காயத்தையும் சுமந்துவரும் பாத்திரத்தைப் பிள்ளைகள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள். மூன்றாவதாக, கதை ஆண்டுக்கணக்கில் தாவும் இடத்தில் அடுத்த படத்தை மறுநாளே போடாமல், ஒரு கிழமையாவது விட்டுப் போடலாம்.

அடுத்த விடுமுறைக்கும் இருவருக்கும் பணம் கட்டிவிட்டேன். பேரனின் காலுக்குக் கீழே வைக்க ஒரு பலகையும் கொண்டுபோவேன்.