ஆலப்புழா போட்ஹவுஸுக்கு முன்பணம் அனுப்பும் முன்...

பொங்கல் லீவுக்கு ஆலப்புழா போய் ஒரு ராத்திரி படகு வீட்டில் தங்கலாம் என்று யாராவது திட்டம் போட்டுக்கொண்டிருந்தால், ஏஜென்டுக்குப் பணம் அனுப்பும் முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். அரையாண்டு லீவில் நாங்கள் போய்ப் பட்டது இது. போன பணத்தைக்கூட மறந்துவிடலாம். ஒன்பது பேரை, அதில் நான்கு குழந்தைகளை, எப்படிப்பட்ட படகில் ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்தோம் என்று நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

நாங்கள் பாளையங்கோட்டை. எதிர்வீட்டு அக்கா குடும்பத்தோடு பன்னிரண்டு வருஷப் பழக்கம். ஒரு வீட்டில் வைத்த குழம்பு இன்னொரு வீட்டுக்குப் போகாமல் இருக்காது. அக்காவின் மாமியாருக்கு 72 வயது, தெருவே அவரை ஆச்சி என்றுதான் கூப்பிடும். விவேகானந்தர் பாறைக்குப் போன படகைத் தவிர வேறு படகில் அவர் ஏறியதில்லை. தண்ணீர் மேல் படுத்து ஒருநாள் தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவரே அவர்தான். யோசனையைச் சொன்னது நான், விசாரித்தது நான், புக் பண்ணியதும் நான். என் பேச்சை நம்பித்தான் அவர்கள் வந்தார்கள்.

செல்போனில் ஓடிய ஒரு விளம்பர வீடியோவைப் பார்த்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். பேசியவர் நல்ல தமிழில் பேசினார், மார்த்தாண்டம் பக்கம் என்றார். "அக்கா, நம்மூர் ஆளுங்க, உங்களுக்குக் குறை வெப்பேனா?" என்று ஆரம்பித்தவர், அடுத்த அரை மணி நேரத்தில் பதினான்கு படங்கள் அனுப்பினார். மூங்கிலும் பாயும் வேய்ந்த கூரை, மாடியில் சாய்வு நாற்காலிகள், வெள்ளை விரிப்புப் போட்ட மூன்று படுக்கையறைகள். எல்லா அறையிலும் இருபத்து நாலு மணி நேரமும் ஏசி. மதியச் சாப்பாட்டில் ஆளுக்கொரு கரிமீன். அதோடு, ராத்திரி பத்து மணி வரை நிலா வெளிச்சத்தில் நடுக்காயலில் படகு ஓடும். மொத்தம் 27,000 ரூபாய். சீசன் என்பதால் இன்றைக்கே 12,000 கட்டாவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும்.

ஜிபேயில் பணம் அனுப்பும்போது கம்பெனிப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டேன். "வீட்டம்மா அக்கவுண்டு அக்கா" என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும்.

இன்னொரு இடத்திலும் நின்றிருக்க வேண்டும், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆலப்புழாவில் படகு வீடுகள் ராத்திரியில் ஓடக் கூடாது. சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கெல்லாம் எங்காவது கரையோரம் கட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் வேம்பநாட்டுக் காயலும் அதைச் சுற்றிய கால்வாய்களும் வலை போடும் மீனவர்களுக்கு. அவர்கள் பிழைப்பே அந்த ராத்திரி நேரம்தான். நியாயமான ஏற்பாடு. ஆக, 'ராத்திரிப் படகுச் சவாரி' என்று ஒருவர் விலை சொன்னால், இல்லாத சரக்கை விற்கிறார் என்று அர்த்தம். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தாலே அவரை அடையாளம் கண்டிருப்பேன். அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

விடியற்காலை நாலு மணிக்கு வேனில் கிளம்பி, செங்கோட்டை, புனலூர் வழியாகப் பதினொரு மணிக்கு ஆலப்புழா சேர்ந்தோம். முதலில் பினிஷிங் பாயின்ட் வரச் சொல்லியிருந்தார். நேரு கோப்பை வள்ளங்களிப் போட்டி முடிகிற இடம் அது, புன்னமடைக் காயலோரம் வரிசையாகப் படகு வீடுகள் நிற்கும். அங்கே போய் நின்றதும் போன் வந்தது. "கூட்டமா இருக்கு அக்கா, பள்ளாத்துருத்தி வந்திருங்க." அங்கே போனால் இன்னொரு சந்து, அதற்குள் வேன் போகாது. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, ஆச்சியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பன்னிரண்டு மணிக்கு ஏற்றுவதாகச் சொன்னவர்கள் ஏற்றியது ஒன்றேகாலுக்கு.

படத்தில் பார்த்த படகு அங்கே இல்லை. "அதுக்கு எஞ்சின் கம்ப்ளெயின்ட்டு, இதுவும் அதே தரம்தான்" என்று போனிலேயே சொன்னார். மீதி 15,000 ரூபாயைக் கையில் வாங்கிக்கொண்ட பையன் அடுத்த நிமிஷம் பைக்கில் போய்விட்டான். மாடி கிடையாது. கூரைப் பாயில் ஓட்டை, அதன்மேல் நீலத் தார்ப்பாய். இந்தப் படகு வீடுகளுக்கு அடிப்படையான கெட்டுவள்ளம் என்பது ஆணி அடிக்காமல் ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் பிணைத்துக் கட்டுவது, குட்டநாட்டு நெல்லை ஏற்றிக் கொச்சி வரை போன வள்ளம் என்று மகளுக்குப் படித்துச் சொல்லிக் கூட்டிவந்திருந்தேன். அவள் குனிந்து தொட்டுப் பார்த்த இடத்தில் பலகை ஈரத்தில் ஊறி, விரல் அழுத்தினால் உள்ளே போனது.

லைப் ஜாக்கெட் எங்கே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். முன்பக்க சோபாவின் அடியில் இருந்த பெட்டியைத் திறந்து காட்டினார்கள். ஆறு இருந்தன. ஏறியவர்கள் நாங்கள் ஒன்பது பேர், படகுக்காரர்கள் மூன்று பேர். ஆறும் பெரியவர்களுக்கானவை. ஒன்றை எடுத்து அக்காவின் ஐந்து வயதுப் பையனுக்குப் போட்டுப் பார்த்தோம். மார்புக் கொக்கி உடைந்து, அந்த இடத்தில் கயிறு கட்டியிருந்தது. தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கியதும் பையன் அப்படியே அடியில் வழுக்கி வெளியே வந்துவிட்டான், ஜாக்கெட் என் வீட்டுக்காரர் கையில் நின்றது. தண்ணீரில் நடந்தாலும் அதுதானே நடக்கும்?

அப்போதே இறங்கியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது சுலபம். மூன்று குழந்தைகள் அதற்குள் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்கள், முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது, ஆச்சி வேறு நடந்து களைத்திருந்தார். அந்தத் தயக்கத்தைத்தான் இவர்கள் மூலதனமாக வைத்திருக்கிறார்கள். 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள், நம் தமிழ்நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. 2023 மே 7-ம் தேதி மலப்புரம் மாவட்டம் தானூரில் 22 பேர் போனார்கள், பலர் குழந்தைகள். அது மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி, அளவுக்கு மீறி ஆள் ஏற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டியது. இதெல்லாம் செய்தியில் பார்த்தவள்தான் நானும்.

படகின் காகிதங்களைக் கேட்டோம், "ஓனர் வீட்டில இருக்கு" என்றார்கள். பக்கவாட்டில் எழுதியிருக்க வேண்டிய பதிவு எண் பாதி அழிந்திருந்தது. தெரிந்ததைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

புறப்பட்டு அரை மணி நேரத்தில் சாப்பாட்டுக்கென்று கரையில் கட்டினார்கள், அங்கேயே மூன்று மணி ஆனது. ஒன்பது பேருக்கு ஐந்து துண்டுக் கரிமீன். பிறகு ஒரு மீன் கடையில் நிறுத்தினார்கள். ஆற்றுக்கொஞ்சு என்கிற பெரிய ஆற்று இறால் கிலோ 1,800 ரூபாய், சமைத்துத் தர 300 தனி. வாங்க மாட்டோம் என்று சொன்னபிறகும் இருபது நிமிஷம் படகை எடுக்கவில்லை. காயல் பக்கம் எப்போது போவோம் என்று கேட்டால், காற்று அதிகம், அலை இருக்கிறது என்றார்கள். தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரி வேம்பநாட்டைக் காட்டிவிட்டுத் திருப்பினார்கள். நாலே முக்காலுக்கு ஒரு தென்னந்தோப்பு ஓரம் கட்டியாகிவிட்டது. அந்த இடத்திலிருந்து நாங்கள் ஏறிய இடத்துக்கு மறுநாள் காலை இருபது நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். டீசல் மிச்சம், அவ்வளவுதான் கணக்கு.

ஏசியை ஒன்பது மணிக்குத்தான் போட்டார்கள். இந்தப் படகில் ஒன்பதிலிருந்து ஆறு வரைதான் ஏசி, முழு நேர ஏசிப் படகு வேறு, அதன் வாடகையே வேறு என்று அப்போதுதான் சமையல்காரர் சொன்னார்.

கடைசி அறையில் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் ஆச்சியும் படுத்திருந்தார்கள். அந்த அறையின் பின்சுவரை ஒட்டித்தான் ஜெனரேட்டர். பன்னிரண்டே முக்கால் இருக்கும், அக்கா கதவைத் தட்டினார். பையன் வாந்தி எடுத்துவிட்டான், ஆச்சிக்குத் தலை சுற்றுகிறது என்றார். உள்ளே போனால் டீசல் புகை. கழிவறைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, அது வழியாக மூன்றரை மணி நேரமாகப் புகை உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது. ஜன்னலைத் திறக்கலாம் என்றால் முடியவில்லை, ஏசிக்காகக் கண்ணாடியைத் திருகாணி போட்டு முறுக்கியிருந்தார்கள். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொல்லக்கூடியது. டீசல் நாற்றம் தூக்கி அடித்ததால் அக்கா விழித்தார். விழிக்காமல் இருந்திருந்தால்? என்னால் அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லி, எல்லாரும் மெத்தைகளை இழுத்துக்கொண்டு முன்பக்கம் வந்து படுத்தோம். கொசு பிய்த்து எடுத்தது. பையன் ஆச்சி மடியில் கிடந்தான். விடிய விடிய முந்தானையால் அவனுக்கு விசிறிக்கொண்டே இருந்தார். நான் ஏஜென்டுக்கு ஏழு தடவை போன் போட்டேன். முதல் இரண்டு முறை மணி அடித்தது, அப்புறம் சுவிட்ச் ஆப். நான் அழுவதைப் பார்த்துவிட்டு ஆச்சி சொன்னது: "விடு தாயி, புள்ளைக்கு ஒண்ணும் ஆகல, வீடு போய்ச் சேந்தா போதும்."

படகில் வேலை பார்த்த மூன்று பேர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஐந்து மணிக்கே எழுந்து, கேட்காமலேயே ஆச்சிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அந்தச் சமையல்காரர்தான். அவர்தான் விஷயத்தையும் சொன்னார். "சேச்சி, உங்ககிட்ட எவ்வளவு வாங்கினாங்க?" 27,000 என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. படகுக்காரருக்கு ஏஜென்ட் கொடுப்பது 13,000, அதற்குள்தான் டீசல், சாப்பாட்டுச் சாமான், மூன்று பேர் கூலி எல்லாம். பாதிக்கு மேல் படகையே பார்க்காத ஒருவர் பையில். மிச்சத்தில் ஓடுகிற படகில் லைப் ஜாக்கெட் எங்கிருந்து வரும், புகைக் குழாயை யார் சரி செய்வார்கள்?

வீட்டுக்கு வந்ததும் ஏஜென்டைப் போனில் பிடித்தேன். "சீசன்ல அப்படித்தான் அக்கா, ரேட்டிங்ல மட்டும் எதுவும் போட்ராதீங்க, ரெண்டாயிரம் திருப்பித் தர்றேன்" என்றார். வேண்டாம், முழுக் கணக்கும் சொல்லுங்கள் என்றேன். அன்றே என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குட்டநாடு அவ்வளவு அழகு, நல்ல படகு நடத்துகிறவர்களும் அங்கே நிறைய இருக்கிறார்கள். பக்கத்தில் கட்டியிருந்த படகில் ஏறியதுமே குழந்தைகளுக்குச் சின்ன ஜாக்கெட் மாட்டி விட்டதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் படகின் பதிவு எண்ணும், எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதிய சான்றிதழின் படமும் வாட்ஸ்அப்பில் வராமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். வாங்கிய எண்ணும் துறையில் நிற்கும் படகின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ஏசி எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, குழந்தைகளுக்கு ஜாக்கெட் எத்தனை என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு அங்கே போனதும் காற்றோடு போய்விடும். ஜெனரேட்டர் எந்த அறையை ஒட்டி இருக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். ஜன்னல் திறக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். மீதிப் பணத்தை இதெல்லாம் முடிந்த பிறகு கொடுங்கள். சீசன் இல்லாத நாளில் நேரே துறைக்குப் போய் நாலு படகு ஏறிப் பார்த்துப் பேசுவதுதான் நல்லது. சந்தேகம் என்றால் மாவட்டச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் அலுவலகம் அங்கேயே இருக்கிறது. ராத்திரி தங்குவது அவசியம் இல்லை என்றால், ஆலப்புழாவிலிருந்து கோட்டயம் போகும் அரசு நீர்ப் போக்குவரத்துப் படகில் சில்லறைக் காசில் அதே கால்வாய்களைப் பார்த்துவிடலாம். ஆச்சியை அடுத்த முறை அதில்தான் கூட்டிப்போகப் போகிறேன், அவர் இன்னும் வருவேன் என்கிறார்.

என்னைப் போல ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். அதற்காகக் கேரளாவுக்கு அலைய வேண்டியதில்லை, 2019-ம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு.

1915-ல் பதிந்துவிட்டேன், எதிர்த் தரப்பிலிருந்து பதில் இல்லை. ஜிபே ரசீது, அவர் அனுப்பிய பதினான்கு படங்கள், நாங்கள் எடுத்த படங்கள், கயிறு கட்டிய அந்த ஜாக்கெட்டின் படம், பாதி அழிந்த பதிவு எண், எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். அக்காவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை திருநெல்வேலி ஆணையத்தில் மனுவைக் கொடுக்கிறோம்.