பை-மெட்டலா, டிரை-மெட்டலா?

மதுரைக் கடைகளில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜின் தண்டு) பேரிங் செட் கேட்டால் கைவசம் இருப்பதைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அதனால் இன்ஜினைப் பிரித்ததுமே எது வேண்டுமென்று முடிவு பண்ணிவிடுங்கள். வார்ப்பிரும்பு கிராங்க், அன்றாட ஓட்டம் என்றால் அலுமினியம் பை-மெட்டல் (எஃகு முதுகின்மேல் அலுமினியக் கலவை, இரண்டே அடுக்கு) போதும். அதிலுள்ள சிலிக்கான் ஜர்னலை (கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதியை) லேசாக மெருகேற்றிக்கொண்டே இருக்கும்.

ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறும் டர்போ டீசலா? டிரை-மெட்டல்தான். எஃகு முதுகு, நடுவே செம்பு-ஈயக் கலவை, மேலே மெல்லிய மென்பூச்சு. பாரம் தாங்கும், ஆயிலில் வரும் பொடித் தூசியையும் பூச்சுக்குள் புதைத்துக்கொள்ளும், ஆனால் பூச்சு தேய்ந்துவிட்டால் அப்புறம் அந்தக் குணம் இல்லை. விலையும் பெரும்பாலும் கூடத்தான்.

எதுவானாலும் லேத்தில் கிராங்க் கிரைண்டிங் முடிந்த பிறகே வாங்குங்கள்: 0.25 மி.மீ. அண்டர்சைஸா (கிரைண்டிங்கில் மெலிந்த ஜர்னலுக்கான அளவு), 0.50-ஆ என்பது அப்போதுதான் தெரியும்.