ஏதென்ஸா, ஸ்பார்ட்டாவா: அடி வாங்கிய பிறகு எழுந்தது எது?

எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த ஆண்டு பண்டைய கிரேக்கத்தை எடுத்துக்கொண்டோம். ஆளுக்கொரு நகர அரசைத் தேர்ந்து, அதன் பக்கம் நின்று பேச வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலானோர் ஸ்பார்ட்டாவைக் கேட்டார்கள். பாரசீகப் படையை எதிர்த்துத் தெர்மோபிலேக் கணவாயில் ஸ்பார்ட்டா அரசர் லியோனிடாஸும் அவருடைய 300 வீரர்களும் நின்ற நிலை யாரையும் ஈர்க்கும். நான் ஏதென்ஸைத் தேர்ந்தேன். படிக்கப் படிக்க அந்தத் தேர்வு எனக்குள் உறுதிப்பட்டே வந்திருக்கிறது. பார்த்தனான் கோயில், நாடகம், தத்துவம் என்று ஏதென்ஸுக்காகச் சொல்லப்படும் வழக்கமான காரணங்களை இங்கே ஒதுக்கி வைக்கிறேன். நான் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: பேரிழப்பு வந்தபோது, போன மனிதர்களுக்கு ஈடாக இந்த நகரங்கள் யாரைக் கொண்டுவந்து நிறுத்தின?

எல்லோரும் அறிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பார்ட்டாவில் இரண்டு அரச குடும்பங்களிலிருந்து இரண்டு அரசர்கள். அவர்களையும் சேர்த்து 30 பேர் கொண்ட மூத்தோர் அவை. அதில் இடம்பெற 60 வயது கடந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஐந்து எஃபோர்களுக்கு அரசர்களையே விசாரிக்கும் அதிகாரம் இருந்தது. மக்கள் அவையும் உண்டு. யார் பக்கம் கூச்சல் பெரிதோ அந்தப் பக்கம் முடிவு. ஏதென்ஸில் கி.மு. 508இல் கிளைஸ்தெனீஸ் குடிமக்களைப் பத்துப் பிரிவுகளாக மாற்றி அமைத்தார். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட ஆலோசனை அவை, பினிக்ஸ் குன்றில் கூடும் மக்கள் அவை, குலுக்கல் முறையில் பெரும்பாலான பதவிகள், தேர்தல் மூலம் பத்துத் தளபதிகள். பின்னாளில் ஏதென்ஸின் தலைவரான பெரிக்ளிஸ் காலத்தில் நீதிமன்ற நடுவர்களுக்குப் படிப்பணம் வந்தது. ஏழையும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வழக்குக் கேட்க முடிந்தது.

போர்முறையிலும் வேறுபாடு வெளிப்படை. தரையில் ஸ்பார்ட்டாவுக்கு நிகரில்லை. கடலில் ஏதென்ஸ். ஆனால் இதன் அரசியல் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. தரைப்படை வீரன் தன் கேடயத்தையும் ஈட்டியையும் தானே வாங்க வேண்டும். ஆகவே வசதி உள்ளவன்தான் வீரன். மூவரிசைத் துடுப்புப் போர்க்கப்பல் ஒன்றுக்கோ 170 துடுப்பாளர்கள் தேவை. அவர்கள் கையில் ஆயுதம் வேண்டாம், தோளில் வலுவும் பயிற்சியும் போதும். லாரியம் வெள்ளிச் சுரங்க வருமானத்தைக் குடிமக்களுக்குப் பங்கிடாமல் கப்பல் கட்டச் செலவிடும்படி ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் பேசி வென்றார். கி.மு. 480இல் பாரசீகருக்கு எதிரான சலாமிஸ் கடற்போரில் நகரைக் காப்பாற்றியவர்கள் நிலமில்லாத அந்த ஏழைகள். அதற்குப் பிறகு அவர்களை வாக்கிலிருந்து விலக்கி வைப்பது எளிதாக இல்லை.

இனி என் கேள்விக்கு வருகிறேன்.

ஸ்பார்ட்டாவில் குடிமகனாகப் பிறந்தால் மட்டும் போதாது. ஏழு வயதில் வீட்டை விட்டுப் பயிற்சிக்குப் போக வேண்டும். வளர்ந்த பின் ஒரு பொது உணவுக் குழுவில் இடம் கிடைக்க வேண்டும். மாதந்தோறும் அந்தக் குழுவுக்கு வாற்கோதுமை மாவு, திராட்சை மது, பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என்று தன் பங்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவன் குடியுரிமையை இழந்தான். நிலம் சிலர் கையில் குவியக் குவிய, பங்கு கொடுக்க முடியாதவர்கள் பெருகினார்கள். வெளியே தள்ள வாசல் இருந்தது. கீழிருந்து உள்ளே வர வழியே இல்லை என்று சொல்லலாம். வரவில்லாமல் செலவு மட்டும் எழுதப்பட்ட கணக்கு அது.

எண்களைப் பாருங்கள். கி.மு. 480இல் ஸ்பார்ட்டாவில் சுமார் 8,000 குடிமக்கள் இருந்ததாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அடுத்த ஆண்டு பிளாட்டியா போருக்கு 5,000 பேர் போனார்கள். கி.மு. 371இல் தீப்ஸ் நகரத்தோடு மோதிய லியுக்ட்ரா போரில் நின்ற முழுக் குடிமக்கள் 700 பேர். அவர்களில் சுமார் 400 பேர் மாண்டார்கள். 30,000 காலாட்படை வீரர்களுக்குச் சோறு போடக்கூடிய நிலம் இருந்தும் குடிமக்கள் ஆயிரத்துக்கும் கீழே போனார்கள் என்றும், ஒரே அடியைத் தாங்க முடியாமல் ஆள்பற்றாக்குறையால் அந்நகரம் அழிந்தது என்றும் அரிஸ்டாட்டில் தீர்த்துச் சொல்கிறார். கி.மு. 464ஐ ஒட்டி வந்த பெரும் நிலநடுக்கத்தில் இறந்தவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஆனால் நிலநடுக்கம் ஒரு தலைமுறையைத்தான் தின்னும். நூறாண்டுச் சரிவுக்கு அது மட்டும் காரணமாக முடியாது.

இந்தச் சரிவு அங்கே வாழ்ந்தவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதற்கு அக்கால எழுத்தாளர் செனபோன் ஒரு காட்சியை விட்டுச் சென்றிருக்கிறார். அஜெசிலாஸ் அரசராகி ஓராண்டுகூட ஆகாத நேரம். கினடான் என்ற இளைஞன், வலுவும் துணிவும் உள்ளவன், ஆனால் முழுக் குடிமகன் தகுதி இல்லாதவன். அவன் ஒருவனைச் சந்தைத் திடலின் ஓரத்துக்கு அழைத்துச் சென்று, இங்கே எத்தனை ஸ்பார்ட்டக் குடிமக்கள் இருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்கிறான். அரசர், எஃபோர்கள், மூத்தோர் அவையினர் ஆகியோரைச் சேர்த்து எண்ணியும் இன்னும் ஒரு நாற்பது பேர்தான் தேறுகிறார்கள். இவர்களைப் பகைவர்கள் என்று வைத்துக்கொள், திடலில் இருக்கும் மற்ற நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நம் கூட்டாளிகள் என்கிறான் கினடான். அவர்களிடம் ஸ்பார்ட்டக் குடிமகன் என்ற பேச்சை எடுத்தால், பச்சையாகவே தின்றுவிடும் ஆத்திரத்தை யாராலும் மறைக்க முடியவில்லை என்றும் சொல்கிறான். கேட்டவன் எஃபோர்களிடம் போய்ச் சொல்லிவிட்டான். பிடிபட்ட கினடானிடம் ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டபோது, லக்கடைமோனில் (ஸ்பார்ட்டா நாட்டில்) யாருக்கும் தாழ்ந்தவனாக இல்லாமல் இருப்பதற்காக என்றான். கழுத்திலும் கையிலும் விலங்கு மாட்டி, சாட்டையால் அடித்தபடி ஊரைச் சுற்றி இழுத்துச் சென்றார்கள். அவனுக்கு ஒரு வாக்கைக் கொடுத்திருந்தால் சிறந்த வீரன் ஒருவன் கிடைத்திருப்பான்.

குடிமக்களுக்கும் கீழே ஹெலட்கள். நிலத்தோடு பிணைக்கப்பட்ட உழவர்கள் அவர்கள். ஸ்பார்ட்டா வென்று அடக்கிய அண்டைப் பகுதியான மெசீனியாவில் முழு மக்கள் கூட்டமே அப்படி இருந்தது. எஃபோர்கள் ஆண்டுதோறும் பதவியேற்றவுடன் ஹெலட்கள்மேல் முறைப்படி போர் அறிவிப்பார்கள். அதன்பின் ஹெலட்டைக் கொல்வது பாவமாகாது. போரில் மிகச் சிறப்பாகப் பணியாற்றியதாகக் கருதுபவர்கள் முன்வாருங்கள், விடுதலை தருகிறோம் என்று ஒருமுறை அறிவித்தார்களாம். சுமார் 2,000 பேர் தேர்வாகி, தலையில் மாலை சூடிக் கோயில்களை வலம் வந்தார்கள். சிறிது காலத்தில் அத்தனை பேரும் மறைந்துபோனார்கள்; எப்படி இறந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்கிறார் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ். துணிவு உள்ளவனே முதலில் கிளர்ச்சி செய்வான் என்பது கணக்கு. பிற்காலத்தில் ஹெலட்கள் சிலரை விடுவித்துப் படையில் சேர்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பார்ட்டத் தளபதி பிரசிடாஸ் வடக்கே கொண்டுபோன 700 பேர் அப்படித்தான் விடுதலை பெற்றார்கள். ஆனால் ஈட்டி பிடிக்கக் கிடைத்த உரிமை, அவையில் குரல் கொடுக்கக் கிடைக்கவில்லை.

லியுக்ட்ரா தோல்விச் செய்தி வந்தபோது ஸ்பார்ட்டாவில் திருவிழாவின் கடைசி நாள், ஆடவர் பாட்டுக்குழு அரங்கில் இருந்தது. எஃபோர்கள் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. இறந்தவர்களின் பெயர்களை உறவினர்களுக்குத் தெரிவித்து, பெண்கள் ஓலமிடக் கூடாது என்று ஆணையிட்டார்கள். மறுநாள் இறந்தவர்களின் வீட்டார் மலர்ந்த முகத்தோடு வெளியே நடமாடினார்கள். உயிர்தப்பியவர்களின் வீட்டார்தான் தலைகுனிந்து போனார்கள். இந்த மன உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால் அடுத்த குளிர்காலத்தில் தீப்ஸ் தளபதி எபமினோண்டாஸ் ஸ்பார்ட்டாவின் சொந்த மண்ணான லக்கோனியாவுக்குள்ளேயே படையோடு நுழைந்தபோது உறுதி மட்டும் போதவில்லை. ஆயுதம் ஏந்தும் ஹெலட்டுக்கு விடுதலை என்று அறிவித்தார்கள். 6,000 பேருக்கு மேல் வந்து பெயர் கொடுத்தார்கள். அவர்கள் அணிவகுத்து நின்றதைப் பார்த்து, காப்பாற்ற அழைத்தவர்களே அஞ்சினார்கள்! கி.மு. 369இல் மெசீனியா தனி நாடானது. ஸ்பார்ட்டாவின் நெற்களஞ்சியம் எனத்தக்க நிலம் கைவிட்டுப் போனது. அந்நகரம் மீண்டும் முதல்நிலைக்கு வரவே இல்லை.

இப்போது ஏதென்ஸ். ஸ்பார்ட்டாவோடு நடந்த நீண்ட பெலொப்பனீசியப் போரில் அது வாங்கிய அடிகள் எண்ணிக்கையில் அதிகம். கி.மு. 430இல் கொள்ளைநோய், அடுத்த ஆண்டு பெரிக்ளிஸும் போனார். கி.மு. 413இல் சிசிலிப் படையெடுப்பு முற்றாக அழிந்தது. கைதானவர்கள் சிரக்கியூஸ் கற்குழிகளில் வெயிலிலும் குளிரிலும் மடிந்தார்கள். செய்தி வந்ததும், தாங்களே வாக்களித்த படையெடுப்பு என்பதை மறந்து, அதை ஆதரித்துப் பேசியவர்கள்மேல் மக்கள் சீறினார்கள் என்று தூசிடிடீஸ் கடிந்துகொள்கிறார். ஆனால் கடிந்த கையோடு, அவர்கள் மரம் சேர்த்துக் கப்பல் கட்டத் தொடங்கினார்கள் என்றும் எழுதுகிறார். கடற்படைத் தாக்குதல் வந்தாலொழியத் தொடக் கூடாது, தொடலாம் என்று முன்மொழிபவனுக்கும் மரணதண்டனை என்று கட்டிவைத்திருந்த 1,000 டாலன்ட் (பண்டைய எடை அளவு) வெள்ளிச் சேமிப்பை அப்போதுதான் எடுத்தார்கள்.

என் மனத்தைத் தீர்மானித்த ஆண்டு கி.மு. 406. லெஸ்போஸ் தீவின் மித்திலீனி நகரில் ஏதென்ஸ் கப்பற்படை முற்றுகையில் சிக்கியது. 30 நாள்களில் 110 கப்பல்களில் ஆளேற்றி அனுப்பினார்கள். துடுப்புப் போட ஆள் போதாமல், வயது வந்த அடிமைகளையும் சுதந்திர மனிதர்களையும் ஒன்றாக ஏற்றினார்கள். குதிரைவீரர் வகுப்புச் செல்வந்தர்கள் பலரும் துடுப்புப் பலகையில் உட்கார்ந்தார்கள். அர்கினுசே போரில் வென்ற பின், துடுப்புப் போட்ட அடிமைகளுக்கு விடுதலையும் குடியுரிமையும் கொடுத்தார்கள். ஹெலட்களின் அணிவகுப்பைப் பார்த்து அஞ்சிய நகரத்தையும் இந்த நகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

அதே ஏதென்ஸ்தான் அதே போரில் வென்ற தளபதிகள் ஆறு பேரை, உடைந்த கப்பல்களில் தத்தளித்தவர்களைப் புயலில் மீட்கவில்லை என்று குற்றம்சாட்டி, ஒரே வாக்கெடுப்பில் கொன்றது. இதை மழுப்ப நான் தயாரில்லை. மக்கள் அவை வெறிகொள்ளும். கி.மு. 427இல் கிளர்ச்சி செய்த மித்திலீனி ஆடவர் அனைவரையும் கொல்ல ஆணையிட்டு, மறுநாள் மனம் மாறி இரண்டாவது கப்பலை அனுப்பினார்கள். துடுப்பாளர்கள் மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்த மாவைத் துடுப்புப் போட்டபடியே தின்று, முறைவைத்துத் தூங்கி, ஆணை படிக்கப்பட்ட நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். கி.மு. 416இல் மெலோஸ் தீவுக்கு அப்படி இரண்டாவது கப்பல் போகவில்லை. ஆடவர் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளானார்கள்.

இத்தனைக்கும் பிறகு கி.மு. 404இல் ஏதென்ஸ் பட்டினியால் சரணடைந்தது. குழலிசை முழங்க நீண்ட மதில்களை இடித்தார்கள். ஸ்பார்ட்டாவின் துணையோடு முப்பது பேர் ஆட்சிக்கு வந்து எட்டு மாதம் கொலையாட்சி நடத்தினார்கள். ஏதென்ஸ் தளபதி த்ரசிபுலஸ் சுமார் 70 பேரோடு ஃபைலிக் கோட்டையைப் பிடித்துத் தொடங்கிய எதிர்ப்பு, கி.மு. 403இல் மக்களாட்சியை மீட்டது. வென்றவர்கள் பழிவாங்கவில்லை. முப்பதின்மரையும் அவர்களுடைய முக்கிய அலுவலர்களையும் தவிர மற்றவர்மேல் பழைய குற்றங்களைக் கிளறுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். மக்களை ஒடுக்க முப்பதின்மர் ஸ்பார்ட்டாவிடம் வாங்கிய கடனைக்கூட மக்களே பொதுப்பணத்திலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள். பத்தாண்டில் பாரசீகப் பணத்தின் துணையோடு மதில்கள் எழுந்தன. கி.மு. 378இல் புதிய கடற்கூட்டணியே அமைந்தது.

ஸ்பார்ட்டாவுக்கு நியாயமாகச் சேர வேண்டியவை இரண்டு. ஒன்று, நீண்ட நிலைத்தன்மை: ஏதென்ஸ் கொடுங்கோலர்களையும் இரண்டு ஆட்சிக் கவிழ்ப்புகளையும் கண்ட காலத்தில் ஸ்பார்ட்டாவின் அமைப்பு அசையாமல் நின்றது. மற்றொன்று பெண்கள். அங்கே பெண்கள் உடற்பயிற்சி செய்தார்கள், நிலம் வைத்திருந்தார்கள். நாட்டின் ஐந்தில் இரண்டு பங்கு நிலம் பெண்கள் கையில் இருந்ததாக அரிஸ்டாட்டில் குறைப்பட்டுக்கொள்கிறார். ஏதென்ஸ் பெண்ணுக்கு வாக்கும் இல்லை, சொத்தின்மேல் தன் பொறுப்பும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் தயங்காமல் ஸ்பார்ட்டா பக்கம். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: ஸ்பார்ட்டாவைப் பற்றி நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பகுதி வெளியூர்க்காரர்கள் எழுதியவை. தூசிடிடீஸ் ஏதென்ஸ்காரர், செனபோனும் அவ்வூரில் பிறந்தவர்தான், ஆனால் ஸ்பார்ட்டாவின் நண்பர். நண்பரே கினடான் கதையைச் சொல்வதால்தான் நான் அதற்கு இத்தனை எடை கொடுக்கிறேன்.

தீப்ஸை எடுக்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். லியுக்ட்ராவில் இடது அணியை 50 வரிசை ஆழத்துக்கு நிறுத்தி ஸ்பார்ட்டாவை உடைத்த நகரம் அது. ஆனால் அதன் உச்சம் கி.மு. 371 முதல் எபமினோண்டாஸ் மாண்டினியாவில் விழுந்த 362 வரைதான். அந்த ஒன்பது ஆண்டை வைத்து இரு பெரும் நகரங்களோடு நிறுத்தித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஏதென்ஸின் வாசலும் எப்போதும் திறந்திருக்கவில்லை. கி.மு. 451இல் பெற்றோர் இருவரும் ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் குடிமகன் என்று பெரிக்ளிஸே சட்டம் கொண்டுவந்தார். கி.மு. 403இல் ஏதென்ஸின் துறைமுகமான பைரியஸிலிருந்து தன்னோடு போரிட்டுத் திரும்பிய எல்லோருக்கும் குடியுரிமை கேட்டார் த்ரசிபுலஸ். அவர்களில் அடிமைகளும் இருந்தார்கள். சட்டவிரோதம் என்று அதை ஆர்கினஸ் என்ற அரசியல்வாதி தடுத்துவிட்டார். கி.மு. 338இல் கைரோனியாவில் மாசிடோனியாவிடம் தோற்றதும் அடிமைகளை விடுவித்துப் படையில் சேர்க்கப் பேச்சாளர் ஹைபரிடீஸ் முன்மொழிந்தார். அதற்காக அவர்மேல் வழக்கே வந்தது. அந்தத் தீர்மானத்தை எழுதியது நானல்ல, கைரோனியாப் போர் என்று அவர் வாதாடி விடுதலை பெற்றார்.